இரக்கத்தின் படமும் இரக்கத்தின் பள்ளியும்

வலக்கையை உயர்த்தி ஆசி வழங்கும் இயேசு. இடக்கை மார்பருகே அங்கியைத் தொட்டிருக்கிறது. அங்கிருந்து இரண்டு ஒளிக்கதிர்கள் இறங்குகின்றன. ஒன்று சிவப்பு, மற்றது வெளிர் நிறம். அடியில் அவர்மேல் நம்பிக்கையை அறிக்கையிடும் ஒற்றை வரி. இந்தப் படத்தைப் பார்க்காத கத்தோலிக்கர் இன்று உலகில் அரிது. தமிழ்நாட்டில் பங்குக் கோவில்களின் பக்கப் பீடங்களிலும், வீடுகளின் செப அறைகளிலும், சட்டைப்பையில் வைக்கும் சிறு அட்டைகளிலும் இதைக் காணலாம். பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்க செபமாலை சொல்பவர்கள் கண்முன் வைத்துக்கொள்வதும் இதைத்தான்.

பரவலாக அச்சிடப்படும் இந்த வடிவத்தின் மூலப்படம் போலந்தின் கிராக்கோவ் நகரில், வாகியெவ்னிகி என்னும் புறநகர்ப் பகுதியில் இருக்கிறது. அது பேராலயத்துக்காகவோ அரண்மனைக்காகவோ வரையப்பட்டதல்ல. வழிதவறியவர்கள் என்று சமூகம் ஒதுக்கிய பெண்பிள்ளைகளுக்குக் கன்னியர் நடத்திய கல்வி இல்லம் ஒன்றின் சிற்றாலயத்தில், பக்கப் பீடத்துக்காக வரையப்பட்டது. பக்தர்களின் நினைவில் படம் நிலைத்த அளவுக்கு அந்த இல்லம் நிலைக்கவில்லை. ஆனால் இல்லத்தின் வரலாற்றைத் தள்ளிவிட்டுப் படத்தைப் பார்த்தால், அது சொல்லும் இரக்கத்தில் பாதிதான் நமக்குப் புரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இல்லம் முந்தியது, படம் பிந்தியது

வாகியெவ்னிகி இல்லத்தை நடத்தும் துறவறச் சபையின் பெயர் இரக்கத்தின் அன்னை மரியாவின் சகோதரிகள். போலந்தில் இதைத் தொடங்கியவர் தெரேசா எவா பொதோட்ஸ்கா. பிரபு குடும்பத்தில் பிறந்தவர், கணவரை இழந்தவர். பிரான்சின் லவால் நகரில் தெரேஸ் ரொந்தோ என்பவர் இத்தகைய பெண்களுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். பொதோட்ஸ்கா அங்கே சென்று அதன் நடைமுறைகளைக் கற்றுத் திரும்பினார். 1862இல் வார்சாவில் முதல் 'இரக்க இல்லம்' பிறந்தது.

கிராக்கோவ் இல்லம் பிரபு அலெக்சாந்தர் லுபோமிர்ஸ்கியின் நன்கொடையில் எழுந்தது. கைவிடப்பட்ட சிறுவர்களுக்கு ஒன்று, சிறுமியருக்கு ஒன்று என இரண்டு நிறுவனங்களுக்கு அவர் பணம் ஒதுக்கினார். சிறுமியருக்கான கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் கரோல் சரெம்பா வடிவமைத்தார். 1891 ஆகஸ்டில் கர்தினால் அல்பின் துனயெவ்ஸ்கி அதை மந்திரித்தார். புனித சூசையப்பரின் பெயரால் அந்த வளாகம் யூசெஃபூவ் என்று அழைக்கப்பட்டது. செங்கல் கட்டடங்கள், நடுவே சிற்றாலயம், சுற்றிலும் தோட்டம், தோட்டத்தைச் சுற்றி மதில் என அமைந்தது அந்த வளாகம்.

உள்ளே வந்தவர்கள் வேலைக்காரப் பெண்கள், தாய் தகப்பன் இல்லாதவர்கள், தெருவில் பிழைப்புத் தேடியவர்கள், உடலை விற்க நேர்ந்தவர்கள். அவர்களுக்கு எழுத்தும் வாசிப்பும் மறைக்கல்வியும் கற்பிக்கப்பட்டன. தையல், பூவேலை, சலவை, தோட்டவேலை முதலிய கைத்தொழில்களும் உண்டு. வெளியே போனால் தன் கையால் பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம். சிறுமியர் தாங்களாக விரும்பி வரவேண்டும், கட்டாயப்படுத்திச் சேர்க்கக் கூடாது என்பதைத் தங்கள் தொடக்கக் கொள்கையாகவே சபையினர் சொல்லிவருகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இத்தகைய இல்லங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 'மனந்திரும்பும் பெண்கள்' என்ற சொல்லாட்சி எல்லாவற்றுக்கும் பொது. அயர்லாந்தின் மகதலேன் சலவைக்கூடங்கள் அந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அங்கே பெண்கள் ஆண்டுக்கணக்கில் கூலியின்றி அடைபட்டுக் கிடந்தார்கள். அதில் அரசுக்கிருந்த பங்குக்காக 2013இல் அயர்லாந்துப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். போலந்துச் சபை வேறு, அயர்லாந்துச் சபைகள் வேறு. ஒன்றின் பழியை மற்றதன்மேல் ஏற்றுவது நியாயமன்று. ஆயினும் வாசலில் இரக்கம் என்று எழுதி வைத்துவிட்டால் உள்ளே இரக்கம் நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்தச் சொல்லுக்கு வீட்டுக்குள் யார் பொருள் தருகிறார், எப்படித் தருகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாகியெவ்னிகியில் அதற்குப் பொருள் தந்தவர், அந்தச் சிறுமியரின் சமூகத் தட்டிலிருந்தே வந்த ஒரு கன்னியர்.

சமையலறைக் கன்னியர்

ஹெலெனா கோவல்ஸ்கா 1905 ஆகஸ்ட் 25 அன்று குவொகோவியெட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏழைக் குடியானவர் வீடு, பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர். பன்னிரண்டு வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். மூன்று ஆண்டுகூட முழுதாகப் படிக்கவில்லை. பதின்ம வயதிலேயே அலெக்சாந்த்ரூவிலும் ஊட்ஜிலும் வீட்டு வேலைக்குப் போனார். மடத்தில் சேரும்போது கொண்டுவர வேண்டிய துணிமணிகளுக்குக் காசு சேர்க்க மேலும் ஓராண்டு வார்சா அருகே ஒரு குடும்பத்தில் வேலை செய்தார். 1925 ஆகஸ்ட் 1 அன்று சபையில் சேர்ந்தார். மரியா பவுஸ்தினா என்பது அவர் பெற்ற துறவறப் பெயர்.

அந்நாளில் சபைக்குள் இரண்டு அணிகள் இருந்தன. படித்தவர்கள் முதல் அணி. சிறுமியருக்குக் கற்பிப்பதும் நிர்வாகமும் அவர்கள் பொறுப்பு. படிக்காதவர்கள் இரண்டாம் அணி; சமையல், அடுமனை, தோட்டம், வாயில் எல்லாம் அவர்கள் தலையில். பவுஸ்தினா இரண்டாம் அணி. இரக்கத்தின் தூதர் என்று இன்று திருச்சபை கொண்டாடும் அவர், அந்த இல்லத்தின் வகுப்பறையில் ஆசிரியராக நின்றதில்லை. சிறுமியருக்குப் பாடம் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை என்பதே அன்றைய ஒழுங்கு.

இந்த ஒழுங்கே வேறொரு நெருக்கத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். மேசைக்குப் பின்னாலிருந்து சிறுமியரைப் பார்க்கும் ஆசிரியருக்கும் அவர்கள் உழைக்கும் இடங்களிலேயே உழைக்கும் கன்னியருக்கும் வேறுபாடு உண்டு. ஊட்ஜில் வேலைக்காரியாக இருந்த பெண்ணுக்கு இல்லத்தின் பிள்ளைகள் அந்நியர் அல்லர். விதி சற்றுத் திரும்பியிருந்தால் அவரே அவர்களில் ஒருவராக வந்திருக்கலாம். அவருடைய நாட்குறிப்பில் இதற்குச் சான்று இருக்கிறது. வார்சா இல்லத்தில் ஒரு சிறுமிக்குத் தற்கொலை எண்ணம் வந்து வாட்டியது. அந்தச் சோதனையைப் பவுஸ்தினா தம்மேல் ஏற்றுக்கொண்டு ஏழு நாள் துன்புற்றதாக எழுதுகிறார். சிறுமியரின் வேதனைகளை அவ்வப்போது இப்படி ஏற்பது தமக்கு வழக்கம் என்றும் அங்கே குறிப்பிடுகிறார். இதற்கு இறையியல் விளக்கம் தருவோர் தரட்டும். வரலாற்றாளருக்கு இதில் கிடைப்பது வேறு செய்தி: பாடம் நடத்தாத இந்தக் கன்னியரின் செபத்தில் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இடம்பெற்றிருந்தனர்.

கடைசி ஆண்டுகளில் வாகியெவ்னிகியில் வாயிற்கதவைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. குளிரும் மழையுமான ஒரு நாளில் வெறுங்காலுடன் ஓர் ஏழை இளைஞன் வந்து சூடாக ஏதேனும் கேட்டதையும், சமையலறைக்குப் போய்ச் சூப்பை எடுத்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்ததையும் நாட்குறிப்பு விவரிக்கிறது. வந்தவர் இயேசுவே என்று அவர் பின்னர் உணர்கிறார். காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். சூப்பும் ரொட்டியும் அந்த வாசலின் அன்றாடம்.

மூன்று நகரங்கள், இரண்டு ஓவியங்கள்

1931 பிப்ரவரி 22 இரவு, புவோட்ஸ்க் நகர இல்லத்தில் பவுஸ்தினாவுக்கு இயேசுவின் காட்சி கிடைத்தது. அதுவும் சிறுமியருக்கான இல்லமே. அங்கே அவருக்கு அடுமனையிலும் ரொட்டி விற்கும் கடையிலும் வேலை. கண்டதைப் படமாக வரையச் சொல்லிக் கட்டளை வந்தது. அவருக்கோ தூரிகை பிடிக்கத் தெரியாது.

1933இல் வில்னியஸ் இல்லத்துக்கு மாற்றப்பட்ட பிறகு, அங்கே பாவசங்கீர்த்தன குருவாக இருந்த அருள்தந்தை மிகாவ் சொபோச்கோ இதைக் கையிலெடுத்தார். ஓவியர் எவ்கேனியுஷ் காசிமிரோவ்ஸ்கியிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1934இன் முதல் பாதியில் வேலை நடந்தது. இல்லத் தலைவி அன்னை இரேனா கிஷிசனோவ்ஸ்கா பவுஸ்தினாவை ஓவியரின் கூடத்துக்கு அழைத்துப் போவார். பவுஸ்தினா திருத்தங்கள் சொல்வார். முடிந்த படம் தாம் கண்ட அழகுக்கு அருகில்கூட இல்லை என்று அவர் அழுதார். வண்ணத்தின் அழகிலோ தூரிகையின் திறத்திலோ இப்படத்தின் பெருமை இல்லை, அருளில்தான் இருக்கிறது என்ற பதில் தமக்குக் கிடைத்ததாக எழுதி வைத்தார். 1935 ஏப்ரலில் வில்னியஸின் விடியல் வாயிலில் மக்கள் முதன்முதலாக அப்படத்தை வணங்கினர். போருக்குப் பின் சோவியத் ஆட்சியில் அது சுருட்டப்பட்டுப் பரணில் கிடந்தது, பெலருஸ் கிராமக் கோவிலொன்றில் தங்கியது, 1986இல்தான் வில்னியஸ் திரும்பியது.

காசநோயால் பவுஸ்தினா 1938 அக்டோபர் 5 அன்று வாகியெவ்னிகியில் இறந்தார். வயது 33. மடத்துத் தோட்டத்துக் கல்லறையில் அடக்கம் நடந்தது. அதற்குள் அன்னை இரேனா வாகியெவ்னிகிக்குத் தலைவியாக வந்திருந்தார். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அடோல்ஃப் ஹிவா என்ற ஓவியர் மடத்துக்கு வந்தார். புகழ்பெற்ற ஓவியர் யாட்செக் மல்செவ்ஸ்கியிடம் பயின்றவர் அவர். போரில் தம் குடும்பம் உயிர்தப்பியதற்கு நன்றியாக ஏதேனும் ஒரு படம் வரைந்து தர விரும்பினார். அன்னை இரேனா அவரிடம் காசிமிரோவ்ஸ்கி படத்தின் பிரதியைக் காட்டினார். நாட்குறிப்பில் உள்ள வருணனையையும் கொடுத்தார். ஹிவா பிரதி எடுக்கவில்லை, தம் போக்கில் புதிதாக வரைந்தார். 1943 மார்ச் 7 அன்று அருள்தந்தை யூசெஃப் ஆந்த்ராஷ் அதை மந்திரித்தார். கிராக்கோவில் பவுஸ்தினாவின் ஆன்ம குருவாக இருந்த இயேசு சபைக் குரு அவர்.

அந்தப் படம் பக்கப் பீடத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை. எனவே பீடத்துக்கு ஏற்ற மற்றொன்றை வரையச் சொன்னார்கள். அதுவே 1944 ஏப்ரல் 16, உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு அன்று மந்திரிக்கப்பட்டது. இன்று உலகமெங்கும் பிரதியாவது அந்த இரண்டாவது படம். முதல் படம் பின்னர் விரோட்ஸ்வாஃப் நகருக்குப் போனது.

இடையில் ஒரு போட்டியும் வந்தது. ல்வூவ் நகர ஓவியர் ஸ்தனிஸ்வாவ் பத்தோவ்ஸ்கியிடமும் சபை ஒரு படம் கேட்டிருந்தது. கலைத்தரத்தில் அதுவே மேல் என்று கருதியவர்கள் இருந்தனர். எதை வைப்பது? பேராயர் ஆதாம் சபியேகாவிடம் கேள்வி போனது. ஹிவாவின் படம் நேர்ச்சைப் படம், ஆகவே அதுவே சிற்றாலயத்தில் இருக்கட்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். பத்தோவ்ஸ்கியின் படம் கிராக்கோவின் வேறொரு கோவிலுக்குச் சென்றது. கலையைவிட நன்றி முன்னிற்க வேண்டும் என்ற அந்த முடிவு, புனிதப் பொருளொன்றின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதற்கு நல்ல விளக்கம்.

புல்வெளியும் மேலறையும்

இரண்டு ஓவியங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். காசிமிரோவ்ஸ்கியின் இயேசு கண்களைத் தாழ்த்தியிருக்கிறார். சிலுவையிலிருந்து கீழே பார்க்கும் பார்வை அது என்பார்கள். பின்னணி இருட்டு, நிறங்கள் அடக்கம். ஹிவாவின் இயேசு நம்மை நேராகப் பார்க்கிறார். ஓரடி முன்வைத்து நம்மை நோக்கி வருகிறார். முகம் மென்மையானது, கதிர்கள் அழுத்தமானவை. சிற்றாலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கண்களைத் தவிர்க்க முடியாது. யாரும் முகம் கொடுத்துப் பார்க்காத பிள்ளைகள் செபிக்க வரும் இடத்துக்கு இந்தப் பார்வை பொருத்தம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஹிவா முதலில் இயேசுவைப் பூக்கள் நிறைந்த புல்வெளியில் நிறுத்தியிருந்தார். சொபோச்கோ இதை ஏற்கவில்லை. உயிர்த்த ஆண்டவர் பூட்டிய மேலறைக்குள் சீடர்முன் தோன்றி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அளித்த காட்சியே இது என்பது அவர் நிலைப்பாடு. யோவான் நற்செய்தி இருபதாம் அதிகாரத்தில் உள்ள அந்தப் பகுதிதான் உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கப்படுகிறது. 1950களின் முற்பாதியில் ஹிவா புல்வெளியை மறைத்துக் கருமையான பின்னணியும் காலடியில் தரையும் தீட்டினார். இயற்கைக் காட்சி மறைந்தது. பயந்து கதவடைத்துக் கிடந்தவர்களிடம் உள்ளே புகுந்து வரும் இயேசு எஞ்சினார். மதிலுக்குள் வாழ்ந்த பிள்ளைகளின் ஆலயத்தில் இந்தத் திருத்தம் இறையியல் நுணுக்கத்தைக் கடந்தும் பொருள் தந்தது.

பள்ளி இல்லாத படம்

அதன்பின் இரண்டு அடிகள் விழுந்தன. 1959 மார்ச்சில் உரோமையின் திரு அலுவலகம், பவுஸ்தினா முன்வைத்த வடிவத்தில் இப்படங்களையும் எழுத்துகளையும் பரப்பத் தடை விதித்தது. மூல ஆவணங்கள் பல உரோமையின் கைக்கு எட்டாத காலம் அது. கிராக்கோவ் உயர்மறைமாவட்டத்தை அப்போது நிர்வகித்த பேராயர் எவ்கேனியுஷ் பசியாக் படத்தை அகற்ற வேண்டாம், வரும் மக்களைத் தடுக்கவும் வேண்டாம் என்றார். படம் தப்பியது.

பள்ளி தப்பவில்லை. 1962இல் கம்யூனிச அரசு கல்வி இல்லத்தைச் சபையிடமிருந்து பறித்தது. வளாகத்தில் படம் இருந்தது. அது யாருக்காக அங்கே வந்ததோ அந்தப் பிள்ளைகளின் கல்வி கன்னியர் கையில் இல்லை. ஆனாலும் அவர்கள் பணியைக் கைவிடவில்லை. 1969இல் தடுமாறும் இளம்பெண்களுக்காக 'ஊற்று' என்ற பொருள்படும் பெயரில் ஒரு மையத்தைத் தொடங்கினர். ஒரு பக்கம் பக்தி முயற்சிக்கு உரோமையின் தடை. மறுபக்கம் கல்விப்பணிக்கு அரசின் தடை. இரண்டுக்கும் இடையில் சபை தன் வேலையைச் சிறிய அளவில் செய்துகொண்டிருந்த அந்த ஆண்டுகள் அதன் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுபவை. என் பார்வையில் அவையே மிக முக்கியமானவை.

தடை நீங்கக் காரணமானவர் அந்த வட்டாரத்தோடு பழக்கமுள்ளவர். போர்க்காலத்தில் அருகிலிருந்த சோல்வே சோடா ஆலையில் தொழிலாளியாக வேலை செய்த இளைஞர் கரோல் வொய்த்திவா, வேலை முடிந்து போகும்போது இச்சிற்றாலயத்துக்கு வந்து செபித்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கிராக்கோவ் பேராயரான பின் 1965இல் பவுஸ்தினாவின் வாழ்வை ஆராயும் மறைமாவட்ட விசாரணையைத் தொடங்கினார். 1966 நவம்பரில் பவுஸ்தினாவின் உடலின் எச்சங்கள் சிற்றாலயத்துக்கு மாற்றப்பட்டன. 1978 ஏப்ரல் 15 அன்று உரோமை தடையை நீக்கியது. ஆறு மாதங்களில் வொய்த்திவா திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார். 2000 ஏப்ரல் 30 அன்று பவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டம் அளித்து, உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறாக அறிவித்தார். 2002 ஆகஸ்டில் வாகியெவ்னிகியில் புதிய பசிலிக்காவை அர்ச்சித்தார்.

பெருங்கூட்டமும் சிறு பணியும்

இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் திருப்பயணிகள் வருகிறார்கள். 77 மீட்டர் உயரக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரிகிறது. பசிலிக்கா எத்தனை பெரியதானாலும், ஹிவாவின் படம் பழைய மடத்துச் சிற்றாலயத்திலேயே, இடப்பக்கப் பீடத்திலேயே இருக்கிறது. கீழே பவுஸ்தினாவின் திருப்பண்டம். சுற்றிலும் நேர்ச்சைக் காணிக்கைகள். நடுப் பீடத்தில் இரக்கத்தின் அன்னையின் படம். கம்யூனிச ஆட்சி முடிந்த பிறகு கல்வி இல்லம் மீண்டும் சபையின் கைக்கு வந்தது. குடும்பத்திலும் பள்ளியிலும் சிக்கலில் மாட்டிய இளம்பெண்களுக்கான கல்வி மையமாக அதே வளாகத்தில் பவுஸ்தினாவின் பெயரில் அது இயங்குகிறது. திருப்பயணிகள் வரிசையில் நின்று படத்தை வணங்குகிறார்கள். பெரும்பாலானோர் பள்ளியைக் கவனிக்காமலே பேருந்து ஏறுகிறார்கள்.

பவுஸ்தினாவின் நாட்குறிப்பு இந்தப் பிரிவினைக்கு இடம் தரவில்லை. அயலாருக்கு இரக்கம் காட்ட மூன்று வழிகளை அது சொல்கிறது: முதலாவது செயல், இரண்டாவது சொல், மூன்றாவது செபம். செபமாலையும் நவநாளும் மூன்று மணி வழிபாடும் மூன்றாவதைச் சேர்ந்தவை. நாம் பரப்பியது பெரும்பாலும் மூன்றாவதைத்தான். அதற்குக் காரணமும் உண்டு. படத்தையும் செபத்தையும் அச்சிட்டு அனுப்பிவிடலாம். 1937இலேயே கிராக்கோவில் சிறு அட்டைகள் அச்சாகிவிட்டன, போர்க்காலத்தில் போலந்து அகதிகளோடும் வீரர்களோடும் கண்டங்கள் தாண்டின. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தையலும் கணக்கும் தன்மானமும் கற்றுக்கொடுக்கும் பணியை அப்படி அனுப்ப முடியாது. அதற்கு ஆட்களும் ஆண்டுகளும் பொறுமையும் வேண்டும்.

நம் ஊர்க் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றின் நுழைவாயிலிலும் தலைமையாசிரியர் அறையிலும் இறை இரக்கப் படம் தொங்குகிறது. அதன் கீழேதான் சேர்க்கைப் பட்டியல் ஒட்டப்படுகிறது, தேர்ச்சி விகிதம் எழுதப்படுகிறது, மாற்றுச் சான்றிதழும் கையெழுத்தாகிறது. தேர்வில் தவறிய மாணவி, கட்டணம் கட்ட வழியில்லாதவள், ஊர் வாயில் விழுந்து பெயர் கெட்டவள் ஆகியோரைத் தக்கவைத்துக்கொள்ளும் பள்ளிக்கே அந்தப் படத்தை மாட்டும் உரிமை முழுமையாக உண்டு. அவர்களை வெளியே அனுப்பி மதிப்பைக் காத்துக்கொள்ளும் பள்ளி, வாகியெவ்னிகியின் ஓவியத்தை வாங்கிக்கொண்டு வாகியெவ்னிகியின் பள்ளியை மறுக்கிறது. நிர்வாகத்தில் இருப்போர் அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு உட்காரும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.